64 ஆண்டுகள் காத்திருந்த விடை

2008-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி நண்பகலில், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணத்திலுள்ள கேப் கனாவரலிலிருந்து டெல்டா 2 ராக்கெட் ஒன்று விண்ணில் பாய்ந்தது. அது சுமந்துசென்ற ஆய்வகம், பூமிக்கு மேலே சுமார் 550 கி.மீ. உயரத்தில் நிலைநிறுத்தப்பட்டது. பிரபஞ்சத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் காமா கதிர்களை ஆராய்வதே அதன் பணி. நம் கண்ணுக்குப் புலப்படும் ஒளியைவிடக் கோடி மடங்குக்கும் மேலான ஆற்றல் கொண்டவை இக்கதிர்கள். வளிமண்டலம் இவற்றைத் தடுத்துவிடுவதால் உயிரினங்கள் பிழைத்திருக்கின்றன. அதனாலேயே, இவற்றை நேரடியாகக் காண விரும்புவோர் வளிமண்டலத்துக்கு மேலே செல்ல வேண்டியிருக்கிறது.

ஏவப்பட்டு இரண்டரை மாதங்களுக்குப் பிறகு, ஆகஸ்ட் 26-ஆம் தேதி அந்த ஆய்வகத்துக்கு என்ரிகோ ஃபெர்மியின் பெயர் சூட்டப்பட்டது. அவர் மறைந்து ஏறத்தாழ 54 ஆண்டுகள் கடந்திருந்தன.

ஃபெர்மி என்றவுடன் பெரும்பாலோரின் நினைவுக்கு வருவது முதல் அணு உலையும் அதைத் தொடர்ந்து வந்த அணுகுண்டும்தான். விண்ணை நோக்கும் ஒரு கருவிக்கு அவர் பெயரை ஏன் வைத்தார்கள் என்று ஐயுறுவது இயல்பே. அதற்கான விடை அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது. அரசுகள் எந்த அறிவுக்கு விரைந்து பணம் தருகின்றன, எந்த அறிவைக் காத்திருக்க வைக்கின்றன என்ற கேள்விக்கும் அந்த வாழ்க்கை ஒரு பாடமாக அமைகிறது.

ஃபெர்மி 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி ரோம் நகரில் பிறந்தார். தந்தை ரயில்வே துறை அதிகாரி. தாய் பள்ளி ஆசிரியை. மூன்று குழந்தைகளில் கடைக்குட்டியான என்ரிகோவுக்கு, ஒரு வயது மூத்த அண்ணன் ஜூலியோதான் விளையாட்டுத் தோழன். இருவரும் சேர்ந்து மின்மோட்டார்களைச் செய்து பார்ப்பார்கள். 1915-இல், தொண்டையில் செய்யப்பட்ட ஒரு சிறு அறுவைச் சிகிச்சையின்போது ஜூலியோ இறந்துபோனான். 13 வயதுச் சிறுவன் தன் துயரத்தைப் புத்தகங்களுக்குள் புதைத்துக்கொண்டான். ரோமின் காம்போ தெ ஃபியோரி சந்தையில், 1840-இல் லத்தீன் மொழியில் வெளியான இயற்பியல் நூலொன்று பழைய விலைக்குக் கிடைத்தது. அதை அவன் முழுமையாகப் படித்து முடித்தான். தந்தையின் அலுவலக நண்பரான பொறியாளர் ஒருவர், சிறுவனின் திறனை உணர்ந்து கணித நூல்களை ஒவ்வொன்றாக இரவல் தந்தார்.

1918-இல் பீசா நகரின் புகழ்பெற்ற உயர்கல்வி நிறுவனத்தில் சேர்வதற்கான போட்டித் தேர்வை எழுதினார். ஒலியின் இயல்புகள் குறித்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 17 வயது மாணவர், அதிரும் தண்டின் சமன்பாட்டை எடுத்துக்கொண்டு உயர்கணித முறையில் தீர்வு கண்டிருந்தார். தேர்வாளர் வியந்துபோனார். 1922-இல் ஊடுகதிர்கள் குறித்த ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்ற ஃபெர்மி, ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் சிறிது காலம் பயின்று தாயகம் திரும்பினார்.

1926-இல், எலக்ட்ரான் போன்ற துகள்கள் ஒரே நிலையில் இரண்டு இருக்க முடியாது என்ற விதியை அடிப்படையாகக் கொண்டு, அவற்றின் கூட்டுநடத்தையைக் கணக்கிடும் முறையை வகுத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தின் டிராக்கும் அதைத் தனியாகக் கண்டறிந்ததால், இருவர் பெயராலும் அது வழங்குகிறது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த 19 வயது இளைஞர் ஒருவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்த விண்மீன்கள் எவ்வளவு எடையைத் தாங்கும் என்று பயணத்தின்போதே கணக்கிட்டார் அவர். அதற்கு அடித்தளமாக இருந்தது ஃபெர்மியும் டிராக்கும் வகுத்த இந்த முறைதான். அந்த இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர். இருவரும் பின்னாளில் ஒரே பல்கலைக்கழகத்தில் பணியாற்றவிருந்தார்கள்.

25 வயதிலேயே ரோம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார் ஃபெர்மி. இயற்பியல் துறையின் தலைவர் கோர்பினோ, இளைஞர்களைத் தேடித் தேடி அவரிடம் சேர்த்தார். ரசெத்தி, செக்ரே, அமால்தி, மயோரானா, பொன்தெகோர்வோ எனத் திறமைசாலிகளின் குழு ஒன்று உருவானது. 1933-இல் அணுக்கருவிலிருந்து பீட்டா துகள் வெளியேறுவது குறித்த தம் கோட்பாட்டை இங்கிலாந்தின் நேச்சர் இதழுக்கு அனுப்பினார் ஃபெர்மி. நடைமுறை உண்மைக்கு வெகுதொலைவில் இருப்பதாகக் கூறி இதழ் அதைத் திருப்பி அனுப்பியது. இன்று அது துகள் இயற்பியலின் தூண்களில் ஒன்று.

1934-இல் குழுவினர் ஆய்வுக்கூடத்தில் இறங்கினார்கள். நியூட்ரான்களால் ஒவ்வொரு தனிமத்தையும் தாக்கினால் என்ன நேரும் என்று பார்ப்பதே திட்டம். பெரிய கருவிகளோ பெரும் நிதியோ இல்லை. நியூட்ரான்களைப் பெறத் தேவையான ரேடியம், அதே கட்டடத்தில் இயங்கிய பொதுச் சுகாதார ஆய்வகத்துக்குச் சொந்தமானது. துகள்களை எண்ணும் கருவிகளை அவர்களே செய்துகொண்டார்கள். கதிர்வீச்சு மூலத்தால் எண்ணிக்கை கெட்டுவிடாமலிருக்க, கருவிகளைக் கூடத்தின் மறுகோடியில் வைத்திருந்தார்கள். எனவே, சில விநாடிகளில் மறைந்துவிடும் கதிரியக்கத்தை அளக்க, பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு பேராசிரியரும் மாணவர்களும் நடைகூடத்தில் ஓடினார்கள்.

மரமேசைமீது வைத்தபோது கிடைத்த அளவும் பளிங்கு மேசைமீது கிடைத்த அளவும் வேறுபட்டன. இந்த முரண்பாட்டைப் பிழையென்று தள்ளிவிடாமல் துருவிப் பார்த்தார் ஃபெர்மி. அக்டோபர் 22-ஆம் தேதி, நியூட்ரான்களின் பாதையில் மெழுகுக்கட்டியை வைத்ததும் கதிரியக்கம் பன்மடங்கு பெருகியது. ஹைட்ரஜன் அணுக்களோடு மோதி வேகம் குறைந்த நியூட்ரான்கள், அணுக்கருவால் எளிதில் பிடிக்கப்படுகின்றன என்று அன்றே விளக்கமும் கண்டார். உலகின் பெரும்பாலான அணுமின் நிலையங்கள் இயங்குவது இந்த மெதுவான நியூட்ரான்களால்தான்.

அரசியலில் ஃபெர்மிக்கு ஆர்வமில்லை. முசோலினி அரசு நிறுவிய அகாதெமியில் 1929-இல் உறுப்பினரானார். பாசிசக் கட்சியிலும் சேர்ந்தார். ஆய்வுக்கு இடையூறு இல்லாதவரை ஆட்சியின் போக்கைப் பொருட்படுத்தாமல் இருக்கலாம் என்று எண்ணிய அறிஞர்கள் அன்று ஏராளம். அந்த எண்ணம் 1938 வரைதான் நீடித்தது. அவ்வாண்டு யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்களை இத்தாலி இயற்றியது. ஃபெர்மியின் மனைவி லாரா யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவ்வாண்டின் நோபல் பரிசு ஃபெர்மிக்கு அறிவிக்கப்பட்டது. டிசம்பரில் மனைவி, இரு குழந்தைகளுடன் ஸ்டாக்ஹோம் சென்று பரிசைப் பெற்ற அவர் ரோமுக்குத் திரும்பவில்லை; 1939 ஜனவரி 2-ஆம் தேதி நியூயார்க்கில் கரையிறங்கினார். அவருடைய குழுவினரில் பலரும் வெவ்வேறு நாடுகளுக்குச் சிதறினார்கள். பத்தாண்டு உழைப்பில் உருவான ஓர் ஆய்வுப் பள்ளியை இத்தாலி சில மாதங்களில் இழந்தது. லாராவின் தந்தை இத்தாலியக் கடற்படையில் அட்மிரலாக இருந்தவர். தம் பதவி தம்மைக் காக்கும் என்று நம்பியவர். 1943 அக்டோபரில் நாஜிகள் ரோமில் அவரைப் பிடித்து ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பிக் கொன்றார்கள்.

ஃபெர்மி பரிசு பெற்ற அதே மாதத்தில், யுரேனிய அணுக்கரு பிளவுபடுவதை பெர்லினில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் கண்டறிந்தார்கள். ரோமில் புதிய தனிமங்கள் என்று கருதப்பட்டவற்றில் பல, உண்மையில் பிளவுபட்ட துண்டுகளே என்பது அப்போதுதான் தெரிந்தது. ஃபெர்மி அதைத் தயங்காமல் ஏற்றுக்கொண்டு, அச்சான தம் நோபல் உரையில் அடிக்குறிப்பாகவே சேர்த்தார்.

அதன் பிறகு நிகழ்வுகள் விரைந்தன. தொடர்வினை சாத்தியமா என்று ஆராய ஃபெர்மியும் சிலார்டும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பணிக்கு அமெரிக்க அரசு முதலில் ஒதுக்கிய தொகை 6,000 டாலர். ஐந்தாறு ஆண்டுகளில் அணுகுண்டுத் திட்டத்தின் மொத்தச் செலவு 200 கோடி டாலரை எட்டியது. இடையே, 1942 டிசம்பர் 2-ஆம் தேதி, சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டரங்கின் பார்வையாளர் மாடத்துக்குக் கீழே முதல் அணு உலை இயங்கியது. சுமார் 350 டன் கிராஃபைட்டும் 40 டன்னுக்கு மேற்பட்ட யுரேனியமும் அதன் ஆக்ஸைடும் அடுக்கப்பட்ட குவியல் அது. பரபரப்பின் உச்சத்தில் எல்லாரையும் மதிய உணவுக்கு அனுப்பிவிட்டு, பிற்பகலில் நிதானமாகத் தொடர்ந்தார் ஃபெர்மி. 28 நிமிடங்கள் இயங்கிய உலை வெளியிட்ட ஆற்றல் அரை வாட் மட்டுமே. அந்தத் திட்டத்துக்குத் தலைமை வகித்தவர் ஆர்தர் காம்ப்டன்.

1945 ஜூலை 16-ஆம் தேதி நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்துச் சோதிக்கப்பட்டபோது, கையிலிருந்த காகிதத் துணுக்குகளை நழுவவிட்டு, வெடிப்பின் அலை அவற்றை எவ்வளவு தூரம் தள்ளியது என்பதைக் கொண்டு ஆற்றலைக் கணக்கிட்டார் ஃபெர்மி. கிடைத்தது 10 ஆயிரம் டன் டிஎன்டிக்கு நிகரான மதிப்பு. பின்னர் கருவிகள் தந்த அளவு அதைப்போல இரு மடங்கு. வெறும் காகிதத் துணுக்குகளால் இவ்வளவு நெருங்கியது அவருடைய ஆற்றலுக்குச் சான்று. ஆனால், ஜப்பான்மீது குண்டைப் பயன்படுத்துவதற்கு ஏற்கத்தக்க மாற்று வழி இல்லை என்று அரசுக்குப் பரிந்துரைத்த நான்கு விஞ்ஞானிகளில் அவரும் ஒருவர் என்பதை மறைத்துவிட முடியாது. 1949-இல் ஹைட்ரஜன் குண்டுத் திட்டம் அரசின் ஆலோசனைக் குழு முன் வந்தபோது, ராபியுடன் சேர்ந்து அறநெறியின் அடிப்படையில் அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அதிபர் ட்ரூமன் அத்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்த பிறகு, அதற்கான கணக்கீடுகளிலும் பங்கேற்றார். இந்த முரணை அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

அதே 1949-ஆம் ஆண்டில்தான் யாரும் கேட்காத, எந்த அரசும் எதிர்பார்க்காத ஒரு கட்டுரையை ஃபெர்மி வெளியிட்டார். அண்டக் கதிர்கள் எங்கிருந்து வருகின்றன என்பதே அதன் பொருள். ஆஸ்திரியாவின் விக்டர் ஹெஸ் 1912-இல் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் பறந்து கண்டறிந்தவை அவை. பெரும்பாலும் புரோட்டான்களான இத்துகள்கள், ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் பூமியை இடைவிடாமல் தாக்குகின்றன. இவ்வளவு ஆற்றலை அவற்றுக்கு அளிப்பது எது?

விண்மீன்களுக்கு இடையே காந்தப் புலம் கொண்ட வாயு மேகங்கள் அலைந்துகொண்டிருக்கின்றன. மின்னூட்டம் கொண்ட துகள் ஒன்று, தன்னை நோக்கி வரும் மேகத்தில் மோதித் திரும்பினால் ஆற்றல் சிறிது கூடும். விலகிச் செல்லும் மேகத்தில் மோதினால் குறையும். எதிரெதிர் மோதல்களே அதிகம் நிகழும் என்பதால், இறுதிக் கணக்கில் வரவே மிஞ்சும். ஒவ்வொரு மோதலிலும் இருக்கும் ஆற்றலுக்கு விகிதமாக அது வளர்கிறது. வட்டிக்கு வட்டி சேர்வதைப் போன்ற கணக்கு இது. நீண்ட காலம் தங்கிப் பெருஞ்செல்வம் சேர்ப்பவை சில. இடையிலேயே வெளியேறுபவை பல. இத்தாலியப் பொருளியல் அறிஞர் பரேட்டோ மக்களின் வருமானத்தில் கண்ட பங்கீட்டு விதியின் வடிவத்தையே, அண்டக் கதிர்களின் ஆற்றல் பங்கீட்டிலும் காண முடிவதற்கு இதுவே காரணம். கனமான அணுக்கருக்களுக்குத் தம் கோட்பாடு சரியாகப் பொருந்தவில்லை என்பதைக் கட்டுரையிலேயே ஃபெர்மி ஒப்புக்கொண்டிருந்தார்.

சிகாகோவில் அப்போது சந்திரசேகரும் பேராசிரியர். இருவரும் 1952, 1953 ஆண்டுகளில் வாரந்தோறும் சந்தித்து விண்வெளியின் காந்தப் புலங்கள் குறித்து விவாதித்தார்கள். 1953-இல் இரண்டு கட்டுரைகளைச் சேர்ந்து வெளியிட்டார்கள். விண்மீன் ஒளியின் தன்மையிலிருந்து காந்தப் புலத்தின் வலிமையைக் கணக்கிட அவர்கள் காட்டிய வழி இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

இதே காலத்தில், பல்கலைக்கழகத்தின் புதிய துகள் முடுக்கியைக் கொண்டு பையான் என்னும் குறுவாழ்வுத் துகளையும் ஃபெர்மி ஆராய்ந்துகொண்டிருந்தார். 1954-இல், பாதுகாப்பு விசாரணைக்கு உள்ளான ஓப்பன்ஹைமருக்கு ஆதரவாகச் சாட்சியம் அளித்தார். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் அவருக்கு வயிற்றுப் புற்றுநோய் முற்றியிருப்பது தெரியவந்தது. மருத்துவமனையில், உடலில் இறங்கும் திரவ உணவின் துளிகளை நிறுத்துக் கடிகாரம் கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாராம். காணச் சென்ற சந்திரசேகர் பேச்சின்றித் தயங்கி நின்றபோது, மறுபிறவி பற்றி வேடிக்கையாக வினவி இறுக்கத்தைத் தளர்த்தியவரும் அவரே. 1954 நவம்பர் 28-ஆம் தேதி, 53 வயதில் மறைந்தார்.

அவருடைய அண்டக் கதிர்க் கோட்பாடு அவரோடு மறையவில்லை. 1970-களின் இறுதியில் பல நாட்டு விஞ்ஞானிகள் அதைச் செம்மைப்படுத்தினார்கள். பெருவிண்மீன் வெடித்துச் சிதறும் சூப்பர்நோவாவின் அதிர்வலையில், துகள் முன்னும் பின்னுமாக மோதி விரைவாக ஆற்றல் பெறும் என்று காட்டினார்கள். ஆயினும், மெய்ப்பிக்க வழியில்லை. புரோட்டான்கள் மின்னூட்டம் கொண்டவை. வழியிலுள்ள காந்தப் புலங்கள் அவற்றின் பாதையை வளைத்துவிடுவதால், புறப்பட்ட இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. காமா கதிர்களோ நேர்கோட்டில் வருபவை. வேகமான புரோட்டான், அருகிலுள்ள வாயுவில் மோதினால் பையான் பிறக்கும். அது உடனே இரண்டு காமா கதிர்களாகச் சிதையும். அந்தக் கதிர்களின் ஆற்றல் பங்கீட்டில் தனித்த அடையாளம் ஒன்று இருக்கும். அதைப் பிடிக்கும் கருவி மட்டுமே தேவைப்பட்டது.

ஃபெர்மி ஆய்வகம் அந்தக் கருவியானது. அதன் முதன்மைத் தொலைநோக்கியில் ஆடியோ வில்லையோ இல்லை. 16 கோபுரங்களில் மெல்லிய டங்ஸ்டன் தகடுகளும் சிலிக்கன் உணரிகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே நுழையும் காமா கதிர், தகட்டில் எலக்ட்ரான், பாசிட்ரான் என்ற இணையாக மாறும். அவற்றின் தடத்தைப் பின்னோக்கித் தொடர்ந்தால் கதிர் வந்த திசை தெரியும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முழு வானத்தையும் அது பார்த்துவிடுகிறது. அமெரிக்காவின் விண்வெளி நிறுவனமும் எரிசக்தித் துறையும், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான், ஸ்வீடன் ஆகிய நாடுகளும் இணைந்து உருவாக்கியவை இதன் கருவிகள். சிலிக்கன் கோபுரங்களை உருவாக்கியதில் பெரும்பங்கு இத்தாலியருடையது. ஃபெர்மி படித்த பீசா நகரமும் அதில் முக்கிய இடம் பெற்றது.

2013 பிப்ரவரியில் விடை வெளியானது. பல்லாயிரம் ஒளியாண்டுகள் வரையிலான தொலைவில் உள்ள இரண்டு சூப்பர்நோவா எச்சங்களிலிருந்து வந்த காமா கதிர்களை நான்கு ஆண்டுகள் திரட்டி ஆராய்ந்ததில், பையான் சிதைவின் அடையாளம் தெளிவாகத் தெரிந்தது. புரோட்டான்கள் அங்கே முடுக்கப்படுவது உறுதியானது. கட்டுரை வெளியாகி 64 ஆண்டுகளும், ஆசிரியர் மறைந்து 58 ஆண்டுகளும் ஆகியிருந்தன. 2017 ஆகஸ்ட் 17-ஆம் தேதி, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்து ஈர்ப்பலை எழுந்த 1.7 விநாடிகளில் காமா கதிர் வெடிப்பைப் பதிவு செய்ததும் இதே ஆய்வகம்தான்.

உயர் ஆற்றல் கதிர்களை ஆராய அமெரிக்கா ஏவிய பெரும் ஆய்வகங்களில் 1991-இல் சென்றது காம்ப்டன் பெயரையும், 1999-இல் சென்றது சந்திரசேகர் பெயரையும், 2008-இல் சென்றது ஃபெர்மி பெயரையும் தாங்கியவை. மூவரும் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்கள். ஒருவர் அமெரிக்கர், ஒருவர் இனவெறியால் தாயகம் துறந்தவர், இன்னொருவர் தமிழ்க் குடும்பத்திலிருந்து சென்றவர். அறிவுக்கு இடமளித்த நாட்டுக்குக் கிடைத்த ஆதாயம் இது.

அழிக்கும் ஆற்றலாக மாறிய அறிவுக்கு, 6,000 டாலரை 200 கோடியாக உயர்த்தப் போர்க்கால அரசுக்குச் சில ஆண்டுகளே போதுமானதாக இருந்தன. பிரபஞ்சத்தை விளக்கும் அறிவுக்கு 64 ஆண்டுகள் தேவைப்பட்டன. பொருளியலில் இதனை எளிதாகவே விளக்கலாம். அடிப்படை ஆய்வின் பலன் யாருக்கு, எப்போது கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எனவே தனியார் முதலீடு அதை நாடி வராது. பொதுநிதிதான் அதைத் தாங்க வேண்டும். தேர்தல் ஆண்டுகளைத் தாண்டியும் தாங்க வேண்டும். இந்தியாவும் 2015-இல் அஸ்ட்ரோசாட்டையும், 2024-ஆம் ஆண்டின் முதல் நாளில் எக்ஸ்போசாட்டையும் ஏவி ஊடுகதிர் வானியலில் கால்பதித்திருக்கிறது. ஆனால், ஆராய்ச்சிக்காக நாம் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இதனால் என்ன பயன் என்ற கேள்வி ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையின்போதும் ஆய்வாளர்களிடம் எழுப்பப்படுகிறது.

அந்தக் கேள்வியை 1934-இல் யாராவது கண்டிப்புடன் கேட்டிருந்தால், நடைகூடத்தில் ஓடிய இளைஞர்களால் விடை சொல்லியிருக்க முடியாது. 1949-இல் கேட்டிருந்தால் ஃபெர்மியிடமும் விடை இருந்திருக்காது. பலனை உடனே கேட்காத பொறுமையும், அறிஞர்களைப் பிறப்பைக் கொண்டு பிரித்து விரட்டாத பண்பும் ஒரு சமூகத்தில் இருந்தால்தான் அத்தகைய கேள்விகள் பிழைக்கும். இன்றும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த ஆய்வகத்தின் பெயர் நமக்கு நினைவூட்ட வேண்டியதும் இதுவே.